லண்டன் ரயில்களை நடத்துவது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குப் புதிதாக வருகிறவர்கள் வீடு தேடும்போது முதலில் வாடகையைக் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, பக்கத்தில் என்ன ரயில் என்பது. நான் இருப்பது ஈஸ்ட் ஹாம் பக்கம். நடந்து போகிற தூரத்திலேயே மூன்று விதமான ரயில்கள் உண்டு. ஈஸ்ட் ஹாமில் சுரங்க ரயிலான ட்யூபின் டிஸ்ட்ரிக்ட் லைன், உட்கிரேஞ்ச் பார்க்கில் ஓவர்கிரவுண்ட், மேனர் பார்க்கில் எலிசபெத் லைன். மூன்றிலும் ஒரே கார்டைத் தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பவர் மூன்றிலும் ஒருவர் இல்லை, தண்டவாளத்துக்குச் சொந்தக்காரரும் ஒருவர் இல்லை. இது எப்படி நடக்கிறது என்று நண்பர்களும் ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

டிஎஃப்எல் என்கிறார்களே, அது அரசுத் துறையா, கம்பெனியா?

டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்பதைத்தான் சுருக்கி டிஎஃப்எல் என்கிறோம். 1999-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி 2000-இல் தொடங்கிய நகரப் பொது அமைப்பு இது. லண்டன் மேயரின் கீழ் வருகிறது. வாரியத்துக்குத் தலைமை வகிப்பவரும் இப்போதைய மேயர் சாதிக் கான்தான். அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரிக்குக் கமிஷனர் என்று பெயர். ரயில் மட்டுமில்லாமல் சிவப்பு பஸ்கள், முக்கியமான சாலைகள், டிராஃபிக் சிக்னல்கள் எல்லாமே இதன் பொறுப்பு.

மேயர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். டிக்கெட் விலை எவ்வளவு ஏறும் என்பதை ஒவ்வொரு ஆண்டும் அவர்தான் அறிவிக்கிறார். விலை ஏறினால் யாரைக் கேட்பது என்று லண்டன்காரருக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

அப்படியானால் லண்டனில் ஓடுகிற எல்லா ரயிலும் டிஎஃப்எல்லுடையதா?

இல்லை. ட்யூப், கிழக்கே டாக்லண்ட்ஸ் பக்கம் ஓடும் இலகு ரயிலான டிஎல்ஆர், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன், தெற்கே குராய்டன் பக்கம் ஓடும் டிராம் ஆகியவை டிஎஃப்எல் கீழ் வருபவை. சவுத்ஈஸ்டர்ன், சதர்ன், தேம்ஸ்லிங்க், சி2சி போன்றவை நேஷனல் ரயில் வகை. அவை மத்திய அரசின் போக்குவரத்துத் துறை பக்கம் போகும். லண்டன் எல்லைக்குள் நேஷனல் ரயிலிலும் அதே கார்டைத் தட்டலாம் என்பதால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. சிவப்பு, ஆரஞ்சு, ஊதா, பச்சை நிற வட்டமும் குறுக்குப் பட்டையும் ஸ்டேஷன் வாசலில் இருந்தால் அங்கே டிஎஃப்எல் சேவை உண்டு. இரட்டை அம்புக்குறி நேஷனல் ரயிலின் அடையாளம்.

டிஎஃப்எல் கீழ் வருகிற எல்லாவற்றிலும் வேலை செய்பவர்கள் டிஎஃப்எல் ஊழியர்களா?

முழுக்க அப்படி இருப்பது ட்யூபில் மட்டும்தான். டிரைவர், ஸ்டேஷன் ஊழியர், சிக்னல் அறையில் இருப்பவர் எல்லாரும் அங்கே லண்டன் அண்டர்கிரவுண்டின் ஆட்கள். அது டிஎஃப்எல்லின் சொந்த நிறுவனம்.

மற்றவற்றை ஒப்பந்தத்துக்கு விடுகிறார்கள். இதற்குக் கன்செஷன் என்று பெயர். நம் ஊரில் டெண்டர் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பது போன்றதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். முக்கியமான ஒரு இடத்தில் அது மாறுகிறது. குத்தகைக்கு எடுத்தவர் வசூல் செய்த பணத்தில் தன் லாபத்தைப் பார்ப்பார். கன்செஷனில் டிக்கெட் பணம் டிஎஃப்எல்லுக்குப் போகிறது. ரயிலை ஓட்டும் கம்பெனிக்கு அந்த வேலைக்கு இவ்வளவு என்று பேசிய தொகை. ரயில் நேரத்துக்கு வந்ததா, ஸ்டேஷன் சுத்தமாக இருந்ததா, உதவிக்கு ஆள் நின்றாரா என்று அளந்து பார்த்து, நன்றாகச் செய்தால் கூடுதலாகத் தருவார்கள், கெடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். சாதாரணப் பயணி போல ஆள் அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதும் உண்டு.

கூட்டம் குறைவான நேரத்தில் ரயிலைக் குறைத்துவிடலாம், விலையை ஏற்றிவிடலாம் என்ற முடிவெல்லாம் அந்தக் கம்பெனியின் கையில் இல்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில், டிக்கெட் என்ன விலை, பெட்டி என்ன நிறம், எதுவானாலும் டிஎஃப்எல் சொல்வதுதான். என்னைப் பொறுத்தவரை லண்டன் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று. தண்டவாளம் யாருடையதாகவும் இருக்கட்டும், டிரைவர் யாருடைய ஊழியராகவும் இருக்கட்டும். கட்டணமும் கால அட்டவணையும் நகரத்தின் கையில் இருந்தால் ரயில் நகரத்துக்காக ஓடும்.

ஓவர்கிரவுண்ட் எப்போது, எப்படி வந்தது? ட்யூப் இருக்கும்போது அது எதற்கு?

தண்டவாளம் புதிதில்லை. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட பாதைகள்தான். 2007 நவம்பர் வரை அவற்றில் பலவற்றை சில்வர்லிங்க் என்ற தனியார் கம்பெனி அரசு உரிமத்தில் நடத்திவந்தது. நகர மத்தியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும் பாதைகள், அதனால் அவற்றை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆளில்லாத ஸ்டேஷன்களும், இருட்டில் தனியாக நிற்கப் பயப்பட வேண்டிய பிளாட்பாரங்களுமாகத்தான் அந்தக் காலத்தை இங்கே பழைய ஆட்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

2007 நவம்பர் 11-ஆம் தேதி டிஎஃப்எல் அவற்றை எடுத்துக்கொண்டு ஓவர்கிரவுண்ட் என்று பெயர் வைத்தது. முதலில் செய்த காரியங்கள் எளிமையானவை. முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை ஸ்டேஷனில் ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். விளக்குப் போட்டார்கள், பெயிண்ட் அடித்தார்கள், டிக்கெட்டுக்குப் பதில் தட்டிப் போகும் ஓய்ஸ்டர் கார்டு செல்லும்படி செய்தார்கள், ட்யூப் வரைபடத்தில் ஆரஞ்சுக் கோடாகச் சேர்த்தார்கள். இந்தக் கடைசி வேலையைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. ஒரு பாதை அந்த வரைபடத்தில் ஏறிய பிறகுதான் அது லண்டன்காரர் மனதிலும் ஏறுகிறது.

2009-இலிருந்து புதிய ரயில்கள் வந்தன. இருக்கைகள் பக்கவாட்டில் நீளமாக, நடுவில் நிற்க நிறைய இடம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கலாம். மூன்று பெட்டி நாலாகி, பிறகு பல பாதைகளில் ஐந்தானது. 2010-இல் பழைய ஈஸ்ட் லண்டன் ட்யூப் பாதை நீட்டப்பட்டு இதில் சேர்ந்தது. 2012 டிசம்பரில் கிளாபம் ஜங்ஷன் வரை இணைத்ததும் லண்டனைச் சுற்றி ஒரு வளையம் கிடைத்தது. 2015 மே மாதம் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சிங்ஃபோர்டு, என்ஃபீல்டு, செஷண்ட் போகும் பாதைகளும் கைக்கு வந்தன. 2022-இல் பார்க்கிங் ரிவர்சைடு வரை புதுப்பாதை போட்டார்கள்.

நடத்தும் கம்பெனிகள் இடையில் மாறின. முதலில் ஹாங்காங் ரயில் கம்பெனி எம்டிஆர் கூட்டாக நடத்திய லோரோல், பிறகு 2016 நவம்பரில் அரைவா வந்தது. பயணிகளில் பலருக்கு அது தெரியக்கூட இல்லை. அதே ஆரஞ்சு, அதே கார்டு, அதே விலை.

ஒரே ஆரஞ்சுக் கோடாக இருந்ததற்கு ஆறு பெயர்கள் ஏன்?

ஒரே நிறத்தில் ஆறு பாதைகளைப் போட்டால் எங்கே கோளாறு என்று அறிவித்தாலும் புரியாது. "ஓவர்கிரவுண்டில் தாமதம்" என்று கேட்டால் வாட்ஃபோர்டில் நிற்பவரும் திகைப்பார், குராய்டனில் நிற்பவரும் திகைப்பார். அதனால் 2024 பிப்ரவரியில் பெயர்களை அறிவித்து, நவம்பரில் பலகைகளை மாற்றினார்கள். லயனஸ், மில்ட்மே, விண்ட்ரஷ், வீவர், சஃப்ரஜெட், லிபர்ட்டி என்பவை அந்த ஆறு.

பெயர் மாற்றத்துக்குச் செலவு 63 லட்சம் பவுண்டு. வீண் செலவு என்று சொன்னவர்களும் இருந்தார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் உட்கிரேஞ்ச் பார்க் வழியாகப் போவது சஃப்ரஜெட் லைன். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய கிழக்கு லண்டன் உழைக்கும் பெண்களை நினைத்து வைத்த பெயர் அது. விண்ட்ரஷ் என்பது 1948-இல் கரீபியனிலிருந்து மக்களைக் கொண்டுவந்த கப்பலின் பெயர். கடல் கடந்து வந்து இங்கே குடியேறியவர்களின் நினைவு ஒரு ரயில் பாதைக்குப் பெயராக இருப்பதைப் பார்க்கும்போது, நாமும் அப்படி வந்தவர்கள்தானே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

எலிசபெத் லைனில் ஏறினால் எத்தனை பேருடைய தண்டவாளத்தில் போகிறோம்?

மேனர் பார்க்கிலிருந்து ஹீத்ரோ விமான நிலையம் வரை கணக்குப் பார்க்கலாம். மேனர் பார்க் திறந்த வெளிப் பிளாட்பாரம், பழைய ஊர் ஸ்டேஷன். தண்டவாளம் நெட்வொர்க் ரயிலுடையது, அதாவது நாட்டின் பெரும்பாலான தண்டவாளங்களை வைத்திருக்கும் பொது நிறுவனம். ஸ்டிராட்ஃபோர்டு தாண்டியதும் புட்டிங் மில் லேன் அருகே ரயில் சரிவில் இறங்கிச் சுரங்கத்துக்குள் போகும். அங்கிருந்து தண்டவாளம் டிஎஃப்எல்லுடையது. சிக்னல் முறையும் அங்கே மாறுகிறது. அடுத்த ஸ்டேஷன் ஒயிட்சாப்பலில் இறங்கிப் பாருங்கள். பிளாட்பார ஓரத்தில் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடிச் சுவர், ரயில் நின்றதும் ரயிலின் கதவும் சுவரின் கதவும் சேர்ந்து திறக்கும். பாடிங்டன் தாண்டி வெளியே வந்தால் மறுபடியும் நெட்வொர்க் ரயில். ஹீத்ரோவுக்குப் பிரியும் சுரங்கமோ விமான நிலையத்துக்குச் சொந்தம். மொத்தத்தில் மூன்று சொந்தக்காரர்கள், மூன்று சிக்னல் முறைகள்.

இத்தனையையும் ஒரே ரயில் புரிந்துகொண்டு ஓடவேண்டும் என்பதுதான் இந்தத் திட்டம் தாமதமானதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது 2022 மே 24-ஆம் தேதிதான் திறந்தது. 1,480 கோடி பவுண்டு என்று போட்ட பட்ஜெட் 1,880 கோடியைத் தாண்டியது. சுரங்கம் தோண்டுவதை உலகத்துக்கே காட்டிப் பெருமைப்பட்டார்கள். கடைசியில் மென்பொருளைச் சோதிப்பதற்குத்தான் நாள் போதவில்லை.

ஆனால் வந்தபிறகு நகரத்தின் போக்கையே மாற்றியது. ஒரு ரயில் 200 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 பேர் ஏறலாம். 41 ஸ்டேஷன்களிலும் படி ஏறாமல் போகலாம். ஆண்டுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். ஓட்டுகிற ஒப்பந்தம் முதலில் எம்டிஆரிடம் இருந்தது. 2025 மே மாதத்திலிருந்து கோ-அஹெட், டோக்கியோ மெட்ரோ, சுமிட்டோமோ மூன்றும் சேர்ந்த ஜிடிஎஸ் நடத்துகிறது.

தண்டவாளம் ஒருவருடையது, டிரைவர் வேறொருவருடையவர் என்றால், விபத்து நடந்தால் டிஎஃப்எல் கைகழுவிவிடாதா?

இதற்கு வேதனையான ஒரு பதில் இருக்கிறது. 2016 நவம்பர் 9-ஆம் தேதி அதிகாலை, நியூ அடிங்டனிலிருந்து வந்த டிராம் சாண்டிலண்ட்ஸ் அருகே கூர்மையான வளைவில் கவிழ்ந்தது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 73 கிலோமீட்டர் வேகம். ஏழு பேர் இறந்தார்கள். மழையில், இருட்டில், விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பியவர்கள்.

டிராமை ஓட்டியது ஒப்பந்தக் கம்பெனி. ஆனாலும் 2023 ஜூலையில் நீதிமன்றம் டிஎஃப்எல்லுக்கு 1 கோடி பவுண்டும், ஓட்டிய கம்பெனிக்கு 40 லட்சம் பவுண்டும் அபராதம் போட்டது. அந்த வளைவின் ஆபத்தை இரண்டு பேருமே சரியாக எடைபோடவில்லை என்பதுதான் வழக்கின் சாரம். இரண்டு தரப்பும் குற்றத்தை ஒப்புக்கொண்டன. ஆபத்தான வளைவுகளில் டிராம் வேகமாக வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது. வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம், பொறுப்பை விட முடியாது என்பதைச் சட்டமே அன்று சொல்லிவிட்டது.

விபத்துகளை ஆராய ரயில் விபத்து விசாரணைக் கிளை என்று தனி அரசு அமைப்பு இருக்கிறது. யாரைத் தண்டிப்பது என்று பார்ப்பது அதன் வேலை இல்லை, ஏன் நடந்தது என்று மட்டும் பார்க்கும். பாதுகாப்பு விதிகளைக் கண்காணிப்பது ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகம்.

ட்யூபை ஏன் ஒப்பந்தத்துக்கு விடவில்லை?

ஒரு பகுதியை விட்டுப் பார்த்தார்கள். 2003-இல் டிஎஃப்எல் கைக்கு ட்யூப் வந்தபோதே தண்டவாளம், ரயில், சிக்னல் பராமரிப்பை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுத்திருந்தது மத்திய அரசு. அப்போதைய மேயர் கென் லிவிங்ஸ்டன் வேண்டாம் என்று நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், நடக்கவில்லை. மெட்ரோநெட் என்ற கம்பெனி 2007 ஜூலையில் செலவு கட்டுப்படியாகாமல் விழுந்தது. அதன் வேலையை 2008-இல் டிஎஃப்எல் எடுத்துக்கொண்டது. டியூப் லைன்ஸ் என்ற மற்றொன்றை 2010-இல் 31 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அப்புறம் பராமரிப்பும் ஓட்டுவதும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1863-இல் முதல் சுரங்கம் திறந்த பாதை இது. இவ்வளவு பழைய சாமான்களை ஒருவர் பார்க்க, ரயிலை இன்னொருவர் ஓட்ட, கோளாறு வந்தால் வக்கீல் வைத்துப் பேசுவது என்று போனால் நகரம் தாங்காது.

டிஎல்ஆரில் டிரைவரே இல்லையாமே, பயமில்லையா?

1987-இல் தொடங்கியதிலிருந்தே கணினிதான் ஓட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு ரயிலிலும் ஓர் ஊழியர் இருப்பார். கதவு மூடுவது, டிக்கெட் பார்ப்பது, தேவைப்பட்டால் முன்னால் உள்ள பலகையைத் திறந்து கையால் ஓட்டுவது எல்லாம் அவர் வேலை. 15 ஸ்டேஷனோடு ஆரம்பித்தது இப்போது 45. 2014 டிசம்பரிலிருந்து கியோலிஸ் அமே என்ற கம்பெனி நடத்துகிறது. குழந்தைகளோடு போனால் முதல் பெட்டியின் முன் இருக்கையைப் பிடித்துவிடுங்கள். கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கு நடுவே ரயில் வளைந்து நுழைவதை அவர்களே ஓட்டுவது போலப் பார்ப்பார்கள்.

தென் லண்டனில் மட்டும் டிஎஃப்எல் ரயில் ஏன் குறைவு?

வரலாறு பாதி, அரசியல் பாதி. தெற்கே தரைமேல் ரயில் பாதைகள் ஏற்கனவே நெருக்கமாக இருந்தன. 1920-களிலும் 30-களிலும் அவற்றுக்கு மின்சாரம் போட்டுவிட்டார்கள். அதனால் ட்யூப் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

அரசியல் பாதி இன்னும் ஆறவில்லை. 2016 ஜனவரியில் அரசும் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சனும் சேர்ந்து, புறநகர் ரயில்களை உரிமக் காலம் முடிய முடிய டிஎஃப்எல்லுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் புதிய போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் அதை மறுத்துவிட்டார். அவர் 2013-இல் எழுதிய பழைய கடிதம் ஒன்று அந்த நேரத்தில் வெளியானது. எதிர்க்கட்சி மேயர் வந்தால் அவர் கையில் இந்த ரயில்கள் சிக்கிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. லூயிஷாமிலும் கேட்ஃபோர்டிலும் காலையில் பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு இது பெரிய இழப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். கட்சி மாறும், மேயர் மாறுவார், அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

இப்போது நேஷனல் ரயில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆகின்றன. சவுத்ஈஸ்டர்ன் 2021-லேயே அரசிடம் வந்தது, 2025-இல் சவுத் வெஸ்டர்ன், சி2சி, கிரேட்டர் ஆங்கிலியா. லண்டனுக்குள் ஓடுபவற்றை நகரத்திடம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்கிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு நாம் தட்டுகிற கார்டிலிருந்து. அன்றாடச் செலவுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2018-இல் நின்றுபோனது. வணிகக் கட்டட வரியில் ஒரு பங்கு, கவுன்சில் வரியில் ஒரு சிறு தொகை, காருக்கான நெரிசல் கட்டணம், விளம்பரம், கடை வாடகை எல்லாம் மீதிக்கு.

டிக்கெட்டை இவ்வளவு நம்பியிருப்பதன் ஆபத்து 2020-இல் தெரிந்தது. ஊரடங்கில் ட்யூப் பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இல்லாமல் போனார்கள். மருத்துவமனை ஊழியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் வேலைக்குப் போக ரயில் ஓடியே ஆக வேண்டும், வசூலோ இல்லை. அரசிடம் திரும்பத் திரும்ப அவசர உதவி கேட்டு, நிபந்தனைகளுக்குத் தலையாட்டித்தான் தப்பித்தார்கள். பெரிய வேலைகளுக்காக 2025 ஜூனில் நாலு ஆண்டுக்கு 220 கோடி பவுண்டு என்று அரசு ஒதுக்கியது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்கினால்தான் ரயில் வாங்க ஆர்டர் கொடுக்க முடியும்.

எலிசபெத் லைனுக்கு வேறு வழியும் பார்த்தார்கள். பெரிய வணிகக் கட்டடங்கள் மீது 2010 முதல் கூடுதல் வரி, புதுக் கட்டுமானங்கள் மீது தனிக் கட்டணம். ரயில் வருவதால் நில மதிப்பு ஏறுகிறதே, அதில் ஒரு பங்கை ரயிலுக்கே திருப்பிக் கொடு என்பது நியாயமான கணக்கு.

கார்டைத் தட்டினால் எவ்வளவு பிடிப்பார்கள்? இளஞ்சிவப்பு மெஷின் எதற்கு?

ஓய்ஸ்டர் 2003-இல் வந்தது. 2014 செப்டம்பரிலிருந்து வங்கிக் கார்டையே ரயிலில் தட்டலாம். மண்டலங்களைப் பொறுத்து விலை, மத்தி ஒன்றாம் மண்டலம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற உச்சவரம்பு உண்டு. ஏறும்போது எந்தக் கார்டோ இறங்கும்போதும் அதே கார்டு. போனில் தட்டி ஏறிவிட்டு அட்டையைத் தட்டி இறங்கினால் இரண்டு முழுமையடையாத பயணமாகக் கணக்காகி இரண்டுக்கும் அதிகபட்சத் தொகை போகும்.

இளஞ்சிவப்பு மெஷினுக்கு என் மாமனார், மாமியாரைக் கியூ தோட்டத்துக்குக் கூட்டிப்போன கதையைச் சொல்கிறேன். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் நகர மத்தி வழியாக நேரே கியூ கார்டன்ஸ் போகலாம், ஒன்றாம் மண்டல விலை விழும். வெஸ்ட் ஹாமில் மாறி, ஸ்டிராட்ஃபோர்டில் மில்ட்மே லைன் பிடித்தால் வடக்கே சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷன், மத்தியைத் தொடவே இல்லை. இரண்டிலும் ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றே, நாம் எந்த வழியில் வந்தோம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஸ்டிராட்ஃபோர்டில் மாறும்போது அந்த இளஞ்சிவப்பு மெஷினில் ஒரு தட்டு தட்டினால், சுற்றி வந்தோம் என்று பதிவாகி விலை குறையும். "பீப்" என்று சத்தம் வரும், அவ்வளவுதான். கதவு எதுவும் திறக்காததால் மாமியார் மறுபடி தட்டப் போனார், ஒரு முறை போதும்.

கியூ கார்டன்ஸ் பிளாட்பாரத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். ட்யூப் ரயிலும் ஓவர்கிரவுண்ட் ரயிலும் ஒரே தண்டவாளத்தில் மாறி மாறி வரும். அந்தத் தண்டவாளம் நெட்வொர்க் ரயிலுடையது.

ரயில் தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்க வேண்டும். ட்யூபும் டிஎல்ஆரும் 15 நிமிடத்துக்கு மேல், ஓவர்கிரவுண்டும் எலிசபெத் லைனும் 30 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால், அவர்கள் கையில் இருந்த காரணமாக இருந்தால், அந்தப் பயணத்தின் விலையைத் திருப்பித் தருவார்கள். 28 நாளுக்குள் டிஎஃப்எல் இணையதளத்தில் கேளுங்கள். கார்டை அங்கே பதிந்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. பதில் திருப்தியாக இல்லையென்றால் பயணிகள் சார்பில் பேச லண்டன் டிராவல்வாட்ச் என்ற சுதந்திர அமைப்பு இருக்கிறது.

ட்யூப் ஸ்டிரைக் என்றால் எலிசபெத் லைனும் நிற்குமா?

பொதுவாக நிற்காது. முதலாளி வேறு, ஒப்பந்தம் வேறு. ஆனால் அன்றைக்கு ட்யூப் கூட்டம் முழுவதும் அங்கே வரும், ஒயிட்சாப்பல் போன்ற பொது ஸ்டேஷன்களில் சில வாசல்களை மூடலாம். அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

வயதானவர்களைக் கூட்டிப்போவது சிரமமா?

272 ட்யூப் ஸ்டேஷன்களில் படியில்லாமல் போகக்கூடியவை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். இதில் லண்டன் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு, எந்த ஸ்டேஷனில் லிஃப்ட் என்று பார்த்துப் பார்த்து வழி மாற்றிய எவருக்கும் இது தெரியும். சக்கர நாற்காலிப் படம் போட்ட தனி வரைபடம் உண்டு, கிளம்பும் முன் அதைப் பாருங்கள். முன்பதிவு செய்யாமலே ஸ்டேஷன் ஊழியரிடம் உதவி கேட்கலாம். பலகை போட்டு ஏற்றிவிட்டு, இறங்கும் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுவார்கள். லண்டனில் குடியிருக்கும் 60 வயதானவர்களுக்கு இலவசமாகப் போக ஓர் ஓய்ஸ்டர் அட்டை, ஓய்வூதிய வயது வந்தால் ஃப்ரீடம் பாஸ். ஃப்ரீடம் பாஸுக்குப் பணம் கொடுப்பது உள்ளாட்சி கவுன்சில்கள். ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வரும் பெற்றோருக்கு இவை கிடையாது.

சென்னையில் இப்படிச் செய்ய முடியாதா?

ஊரிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. சென்னையில் புறநகர் ரயில் தெற்கு ரயில்வேயிடம், மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடம், பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க 2010-இல் சட்டம் போட்டு உருவாக்கியதுதான் கும்டா என்ற அமைப்பு. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கலாம்.

பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்ததும் 2007 நவம்பர்தான், ஓவர்கிரவுண்ட் பிறந்த அதே மாதம். அதன் கட்டுமானச் செலவில் மாநில அரசும் பங்கு போட்டது, ஓட்டுவது ரயில்வே. அதை மெட்ரோ நிறுவனத்திடம் கொடுக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. தண்டவாளம் யாருக்கு, நிலம் யாருக்கு என்ற கேள்வியில் காலம் போகிறது. மேனர் பார்க்கில் எலிசபெத் லைன் ஓடும் தண்டவாளம் இன்றுவரை டிஎஃப்எல்லுடையது இல்லை என்பதைத்தான் அவர்களுக்கு நான் சொல்வேன். கைமாறும்வரை காத்திருக்காமல், முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில்வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் ஆள், எரிகிற விளக்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று கேட்கத் தொடங்கலாம்.